சுண்ணாம்பு சுட்ட புண்

துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த கிழவர் காளியப்பனுக்குக் கன்னத்தின் உள்ளே ஆறாத புண். சோறு இறங்கவில்லை, வெற்றிலையை மட்டும் விடவில்லை. ஜிந்துப்பிட்டித் தெருத் தேத்தண்ணீர்க் கடை அரட்டைக்கும் போவதில்லை. கூட வேலை செய்த சந்திரகுமாருக்கு இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் பாதித் தாடையை வெட்டி எடுத்தார்கள்.

"டாக்டர்கிட்ட போகலாங்க," என்றாள் மனைவி ஆறாயி.

"நீ மடிக்கிற வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போச்சு. அதான் வாய் வெந்துகெடக்கு!" என்று எரிந்து விழுந்தவர், படிக்கத்தில் துப்பினார்.

ஆறாயி வெற்றிலைத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "தீபாவளியிலேருந்து நான் சுண்ணாம்பே வைக்கலையே."

சுண்ணாம்பில்லாத வெற்றிலை சிவக்காது. காளியப்பன் படிக்கத்தைக் குனிந்து பார்த்தார். துப்பியது செக்கச்செவேல் என்றிருந்தது.