புதன்கிழமைக் கள ஆய்வு

புதன்கிழமை காலையில் முத்திரை அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள் என்றால் மணி பதினொன்று. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எடை, அளவு சரிபார்க்கும் அலுவலகம் அது. ஊரிலுள்ள தராசெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து முத்திரை வாங்கிப் போகும். வந்ததைப் பதிவேட்டில் ஏற்றுவது அக்காவின் வேலை. இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே விவசாயிகள் சந்தை. அவர்கள் விடியலில் வந்து நண்பகலில் கடையைக் கட்டிவிடுவார்கள். வேலை முடிந்து மாலையில் போனால் நசுங்கிய தக்காளியும் துடைப்பமும்தான் மிச்சம். சம்பளக்காரப் பெண்பிள்ளை நல்ல காய் சாப்பிடக் கூடாது என்று சட்டமா என்ன?

அக்கா வழி கண்டுபிடித்தாள். வெளியே போகிறவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். "சொந்த வேலை" என்று எழுதினால் அரை நாள் விடுப்பு காலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அக்கா. எழுத்தில் பொய் சொல்லவே மாட்டாள். ஆகவே "சந்தை – கள ஆய்வு" என்று எழுதினாள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஆய்வு இல்லையா? பதினொரு வருடமாக வாரா வாரம் அதே வரி. முன்பிருந்த மேலாளர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வெண்டைக்காயும் அதே பையில்தான் வந்தது.

அந்த ஒரு மணி நேரம்தான் அக்காவின் சொத்து. வீட்டில் கணவர், மாமனார், இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்கு ஆகாது. அலுவலகத்திலோ எல்லோருக்கும் எல்லாம் அவசரம். சந்தையில்தான் அவள் வாய் நிறையச் சண்டை போடலாம். அதிலும் புதன்கிழமை மட்டும் வருகிற கீரைக்காரியோடு போடும் சண்டைக்கு ஈடே கிடையாது.

"என்னடி இது, கீரைக்கட்டா, காதுல செருகற பூவா? வாரத்துக்கு வாரம் இளைக்குது!"

"கட்டு இளைக்கலக்கா. நீங்க பெருத்துட்டீங்க, அதான் சின்னதா தெரியுது."

"வாயப் பாரு! சரி, கொஞ்சம் கொசுறு போடு."

"கொசுறா? நம்மகிட்ட அந்தப் பேச்சே கிடையாது."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் புது மேலாளர் வந்து சேர்ந்தார். சின்ன வயது. தாளில் எழுதியிருந்தால் அது உண்மை என்று நம்புகிற ரகம். பழைய பதிவேடுகளை எல்லாம் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடம், பதினோரு வருஷமா ஒரு வாரம் தவறாம ஆய்வு பண்ணியிருக்கீங்க! அறிக்கையெல்லாம் எங்க இருக்கு?"

கிண்டலா என்று அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை, மனிதர் நிஜமாகவே மகிழ்ந்துபோயிருந்தார். "தொகுத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை கொடுங்க, போதும்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எழுதினாள். எழுத எழுத உற்சாகம் வந்துவிட்டது. சந்தையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? வெங்காயக்காரர் தராசில் சுண்டுவிரல் எப்போது ஏறும், உருளைக்கிழங்குக்காரர் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று பன்னிரண்டு பக்கம். கீரைக்கு வந்ததும், "பெருத்துட்டீங்க" என்று அவள் சொன்னது நினைவுக்கு வர, குறும்பாக இரண்டு வரி சேர்த்தாள்: "கீரை விற்பவரிடம் தராசே கிடையாது, கைதான் அளவு. கட்டு வாரத்துக்கு வாரம் இளைக்கிறது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா பேனாவால் கெட்டாள். மற்றவர்களிடம் முத்திரைத் தராசு இருந்ததால் ஒரு எச்சரிக்கையோடு போயிற்று. தராசே இல்லாத கீரையை மேலிடம் பிடித்துக்கொண்டது. வருகிற புதன்கிழமை கட்டுகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். கட்டுக்குக் கட்டு எடை மாறினால், முத்திரைத் தராசு வாங்கும்வரை கீரைக்காரி சந்தைக்குள் கடை போடக் கூடாது என்று உத்தரவு. மேலாளர் அதைக் கல்யாணப் பத்திரிகை போல நீட்டினார்.

"உங்க அறிக்கைக்குக் கிடைச்ச மரியாதை மேடம். நானும் கூட வர்றேன்."

அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கீரைக்காரி தராசு வாங்கித் திரும்புவதற்குள் அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொல்லலாம் என்றால் அவள் தொலைபேசி எண் கூடத் தெரியாது. பதினொரு வருடத்தில் சண்டை போட்டோமே தவிர எண்ணைக் கேட்டோமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை. முன்னால் மேலாளர், நடுவில் தராசைச் சுமந்துகொண்டு அலுவலகத் தட்டச்சர், பின்னால் தலை நிமிராத அக்கா.

"என்னக்கா, இன்னைக்குப் படையோட வந்திருக்கீங்க? பேரம் பேச நீங்க ஒருத்தர் பத்தலையா?" என்று சிரித்தாள் கீரைக்காரி. மேலாளர் கையிலிருந்த ஆய்வுப் படிவத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மேலாளர் குவியலிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். இருநூறு கிராம். அடுத்தது இருநூற்றிரண்டு. அதற்கடுத்தது இருநூறு. பத்துக் கட்டும் அப்படியேதான்.

"முத்திரை போட்ட தராசு கூட இவ்வளவு சரியா காட்டாதே!" என்றார் அவர். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை. மேலாளர் ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார்; அடியில் தனியாக ஒரு கட்டு.

"அது வேணாம் சார்" என்றாள் கீரைக்காரி.

வைத்தார். இருநூற்று அறுபது.

"இது மட்டும் ஏன் கூடுது?"

கீரைக்காரி தலையைச் சொறிந்தாள். "அது அக்காவோடது சார். கொசுறு கையில குடுத்தா இன்னும் கேப்பாங்க. அதான் உள்ள வச்சே கட்டிடுவேன்."

"எப்போலேர்ந்து?"

"அவங்க வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

அக்காவுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"சொன்னா சண்டை போட மாட்டீங்களே அக்கா. அப்புறம் எனக்கு எப்படிப் பொழுது போகும்?"

மேலாளர் படிவத்தை வைத்துக்கொண்டு தவித்தார். "விதிப்படி ஒரு கட்டு மாறியிருக்கு மேடம். என்ன எழுதறது?"

அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். இப்போதும் பொய் எழுதவில்லை. "விற்பனைக்கு வைத்த பத்துக் கட்டும் சரியான எடை. பதினோராவது கட்டு விற்பனைக்கு வைத்தது அல்ல."

எழுதியிருந்ததால் மேலாளர் நம்பினார், கையெழுத்துப் போட்டார். தட்டச்சர் தராசைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தார்.

அக்கா அந்தக் கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் இளைச்சுத்தான் போயிருக்கு" என்றாள்.