அக்காவுக்கு ஒரு பருத்திச் சட்டை

நெஞ்சில் புற்றுநோய் என்று மட்டக்களப்பில் கதிர் சிகிச்சை முடித்து அக்காவைத் திருகோணமலைக்குக் கூட்டி வந்தபோது, கழுத்திலிருந்து விலா வரை அவளுடைய தோல் வெந்து உரிந்திருந்தது. எதைப் போட்டாலும் துடித்தாள். ஈரத் துவாய் ஒன்றைப் போர்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பச் சொன்னாள்.

எங்கள் விறாந்தையில் இருந்தால் உட்துறைமுகம் தெரியும். பின்னேரங்களில் அங்கே கதிரையைப் போட்டு, போகிற வருகிற ஆட்களோடு கதைத்துக்கொண்டிருப்பதைத் தவிர, அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அதுவும் இப்போது இல்லை.

"உடுப்பில்லாமல் எப்பிடி வெளியிலை வாறது? மேலிலை கிடக்கிறதே தெரியாத மாதிரி ஒரு பருத்திச் சட்டை கொண்டு வா. வாறன்" என்றாள்.

தளர்வான, கையில்லாத ஒரு வீட்டுச் சட்டை. இதென்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போனேன்.

பருத்தியோ இல்லையோ, எங்கள் கடைகளில் மெத்தென்று இருக்கிற எல்லாத் துணிக்கும் 'கொட்டன்' என்றுதான் பெயர். எதைத் தொட்டாலும் "தனிக் கொட்டன் மிஸ்" என்பார்கள். கழுத்துப் பட்டியில் அப்படித்தான் எழுதியும் இருக்கும். நம்பி வாங்கிக்கொண்டு போனேன். அக்கா இளவயது முழுவதையும் கார்மென்ட்டில் தைத்துக் கழித்தவள். எழுத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"லேபல் ஒரு மூட்டையிலை வரும், துணி வேறை மூட்டையிலை வரும். ரெண்டையும் சேர்த்துத் தைச்சது நான். எனக்கு லேபலைக் காட்டாதை. நூலை இழுத்துக் கொளுத்திப் பார்."

அன்றிலிருந்து கைப்பையில் நெருப்புப்பெட்டியோடு திரிந்தேன். பருத்தி நூல் என்றால் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிடும். ஒவ்வொரு கடை வாசலிலும் வாய்க்கால் ஓரமாக நின்று கொளுத்திப் பார்த்தேன். எல்லாம் மணி, மணி, மணி. விற்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஊர் முழுவதற்கும் பிளாஸ்டிக்கைச் சுற்றி அனுப்புகிறார்களே, ஒருவருக்கும் உடம்பு எரியவில்லையா என்று வாய்விட்டே கேட்டேன்.

நிலாவெளியில் வெள்ளைக்காரருக்கு விற்கிற ஒரு கடையில் கடைசியாக ஒன்று கிடைத்தது. சாயம் போடாத பருத்தி. மண்ணையும் வருத்தாமல் தைத்தவரையும் வருத்தாமல் செய்தது என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நூல் சாம்பலானது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

அக்கா அதை உள்பக்கம் வெளியே வர மறித்துப் பிடித்து, தையலில் விரலை ஓட்டினாள். முகம் சுருங்கியது.

"துணி சரி. தைச்ச நூல் நைலோன், கீறும். தையல் ஓடியிருக்கிற ஓட்டத்தைப் பார். இதைத் தைச்சவளுக்கு மூச்சுவிடவும் நேரம் குடுக்கேல்லை." சட்டையை மெல்ல மடித்து வைத்தாள். "அவளிலை எனக்குக் கோவமில்லை. நானும் இப்பிடித்தான் ஓடினனான். நீ துணியை மட்டும் கொண்டு வா. நானே தைக்கிறன்."

சந்தைப் பக்கம் கற்பூரம், ஊதுபத்தி, செத்தவீட்டுச் சாமான்கள் விற்கிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. தட்டின் மேல் வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றைக் கண்டேன். கேட்காமலே ஒரு நூலை இழுத்து வாசலில் கொளுத்தினேன். சாம்பல். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றார்.

"ஆருக்குப் பிள்ளை?"

"அக்காவுக்கு அண்ணை. நெஞ்சிலை கான்சர்."

"ஐயோ. எப்ப எடுக்கிறீங்கள்?"

"இப்பவே எடுக்கிறன்."

"இப்பவேயோ? சொந்தக்காரர் வர வேண்டாமோ?"

"சொந்தக்காரர் என்னத்துக்கு? நான் ஒராளே தூக்கிக்கொண்டு போவன்."

அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார். எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் துணியையும் எடுப்போம், பிரேதத்தையும் எடுப்போம். இரண்டுக்கும் ஒரே சொல். நான் விளங்கப்படுத்தியதும் அவர் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உயிரோடை இருக்கிறவவுக்கு இதைத் தர ஏலாது பிள்ளை. இது பாடைக்குப் போற துணி."

"வேறை எங்கையும் பருத்தி இல்லை அண்ணை. அவ உடுப்பில்லாமல் அறைக்குள்ளை கிடக்கிறா" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் சுருளிலிருந்து கையை எடுத்தார். மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். "செத்தவீட்டுக்கெண்டால் நான் கையாலைதான் கிழிச்சுக் குடுக்கிறது. கத்தரிக்கோல் வைக்கிறேல்லை. இது உடுக்கிறதுக்கு. வெட்டித் தாறன்."

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே அக்காவுக்குச் சொன்னேன். சிரித்தால் நெஞ்சு நோகும் என்பதால் துவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "செத்தவளுக்குத்தான் கலப்படமில்லாமல் குடுப்பாங்களெண்டால், நான் கொஞ்சம் முந்தி வாங்கினதா இருக்கட்டும்."

துணியை அவித்துக் கஞ்சியைப் போக்கினோம். பருத்தி நூலால் கையாலேயே தைத்தாள். தையல்கள் தோலில் படாதபடி எல்லாவற்றையும் வெளிப்பக்கம் விட்டாள். போடுவதற்கு முன் ஓரத்தில் நான் மஞ்சள் தொட்டு வைத்தேன்.

அன்று பின்னேரம் அக்கா விறாந்தைக்கு வந்தாள். வீட்டு முன் ஒழுங்கையால் நடந்து போன ஒரு மனுசி நின்று, "பிள்ளை, சட்டையை மறிச்சுப் போட்டிருக்கிறீங்கள்" என்றார். "ஓம், இந்தப் பக்கம்தான் எனக்குச் சுகம்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் விளக்கு வைக்கும் வரைக்கும் கதைத்தார்கள். உள்ளேயிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் வேறு எப்போதும் இருந்ததில்லை.

மாற்றிப் போட இன்னும் சட்டைகள் வேண்டியிருந்தன. போகும்போதெல்லாம் கடைக்காரர் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார். "அக்கா எப்பிடி?" என்பார். "வெளியிலை இருக்கிறா" என்பேன்.

மாரி தொடங்கியபோது நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். கடைசி வரைக்கும் அக்கா அந்தச் சட்டைகளில்தான் இருந்தாள். உயிர் போன பிறகும் போட்டிருந்ததைக் கழற்ற நான் விடவில்லை. மேலே போர்த்தத்தான் துணி வேண்டியிருந்தது.

விடிந்ததும் கடைக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கி நின்ற என்னைக் கண்டு கடைக்காரர் சிரித்தார். சுருளை இறக்கி வைத்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

"இன்னொரு சட்டையோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. இண்டைக்குப் பின்னேரம் எடுக்கிறம்."

அவர் கத்தரிக்கோலை லாச்சிக்குள் வைத்து மூடினார். துணியைக் கையில் எடுத்துக் கிழித்தார்.