பன்றி சுட ஒன்பது கையெழுத்து

என் மாமா தன் வாழ்நாளில் ஒரே ஒரு காட்டுப்பன்றியைச் சுடத் தீர்மானித்தார். அதற்காக ஆறாம் வகுப்பில் எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. அங்கே ஒரு போல்ட் வெளியே போக வேண்டுமென்றாலும் நான்கு பிரதி எழுதி, நான்கிலும் கையெழுத்து வாங்க வேண்டுமாம். முப்பது வருஷம் அதையே செய்தவருக்கு உலகமும் அப்படித்தான் நடக்கிறது என்ற எண்ணம். பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, எங்கள் அம்மா இரவல் வாங்கிப்போன குக்கருக்கு எழுதி வாங்கிய மனிதர் அவர். சொந்தத் தங்கையிடம்.

தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸோடு அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. நகரத்துக்கு வெளியே மேட்சல் தாண்டி நிலம் வைத்திருந்த பணிமனை நண்பர் ஒருவர், காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்தை மிதித்து நாசம் செய்கின்றன, அனுமதி வாங்கிச் சுடலாமாம், நீ வாயேன் என்று கூப்பிட்டார். மாமா வனத்துறை ஆபீசில் போய் விசாரித்தார். மனு போடலாம், ஆனால் பன்றிக்கு வரப்பு தெரியாது, அது ஓடக்கூடிய நிலத்துக்காரர்கள் அத்தனை பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கைகழுவியிருப்பார்கள். மாமாவோ முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார். மொத்தம் ஒன்பது பேர்.

என்னை ஏன் இழுத்தார் என்றால், நிலத்துக்காரர்கள் பேசுவது தெலுங்கு, அவருக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெலுங்கு. பணிமனையில் தக்கனி இந்தியை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். நானோ பள்ளியில் தெலுங்குக்குப் பரிசு வாங்கியவள். இன்னொரு காரணத்தை அவரே அம்மாவிடம் சொன்னார். “காயிதமும் கையுமா ஆம்பள தனியா போனா பிளாட் புரோக்கர்னு நெனச்சு வெரட்டுவாங்கோ. கூட பொண்ணு இருந்தா நம்புவாங்கோ.” எனக்குச் சம்பளமாக, சுடும் நாளன்று பரண் மேல் அவர் பக்கத்தில் உட்காரலாம் என்று பேசி முடித்தோம். அதையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் கனைக்கும். பின் சீட்டில் நான், மடியில் ஃபைல், ஃபைலுக்குள் மைப்பெட்டி. ஒருவர் வீடு பூட்டியிருக்கும். மகள் வீட்டுக்கு நிஜாமாபாத் போயிருப்பார். இரண்டு அண்ணன் தம்பிகள், அவன் போட்டால்தான் நான் போடுவேன் என்று ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். ஒருவர் நிலத்தை விற்றே ஆறு மாதமாகியிருந்தது. வாங்கியவரைத் தேடி நகரத்துக்குள்ளேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திரும்பி வந்தோம். அவர் தன் நிலத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாராம். அங்கே பன்றி இருக்கிறதா, அப்படியானால் விலை இறங்குமா என்று எங்களையே கேட்டார். இத்தனையையும் நான் மொழிபெயர்த்தேன். எனக்குப் பிராணன் போனது.

நான்காவது ஞாயிறு, ஒன்பதாவது ஆள் மட்டும் பாக்கி. அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு காலனியில் என் சிநேகிதிக்குப் பிறந்தநாள். புது ஃபிராக்கை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத்தான் ஸ்கூட்டரில் ஏறினேன்.

விசாரித்துப் போய்ச் சேரவே மத்தியானமாகிவிட்டது. அந்த ஒன்பதாவது ஆள் ஓர் அம்மாள், என் அம்மாவின் வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் சோளத்துக்கு நடுவே தகரக் கொட்டகை. கணவர் இல்லை. கட்டிலைத் தட்டி எங்களை உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மாமா ஃபைலைத் திறந்ததுமே அந்த அம்மாள் எழுந்து கொட்டகை வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டார். கையெழுத்தெல்லாம் முடியாது என்றார்.

நான் காகிதத்தைத் தெலுங்கில் வாசித்துக் காட்டினேன். பன்றி தவிர அதில் வேறெதுவும் இல்லை. அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். கணவர் இருந்தபோது ஒருவன் வந்து, போர்வெல்லுக்கு மானியம் வரும், இதில் பெருவிரல் வையுங்கள் என்றானாம். கணவரும் வைத்தாராம். மூன்று ஏக்கரில் பாதிக்குக் கல் நட்டுவிட்டார்களாம். அதோ தெரிகிறதே அந்த வெள்ளைக் கற்கள், அதற்கப்பால் எல்லாம் எங்களுடையதாக இருந்தது என்று கையைக் காட்டினார். கணவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது, படுத்தது, போனது என்று கதை நீண்டுகொண்டே போயிற்று. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

“இன்னா சொல்லுது அந்தம்மா?” என்று மாமா கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா. பன்னி ரொம்ப தொல்லை பண்ணுதாம்.”

மாமா அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். அந்த அம்மாள், தன் கதையைக் கேட்டுத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார். என் கையை எடுத்து என் தலையிலேயே வைத்தார்.

“பிட்டா, நிலத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லு. உன்னை நம்பி வைக்கிறேன்.” அந்தப் பக்கம் பிள்ளைகளை பிட்டா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆகாது என்றேன். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். முடிந்தது என்று அவர் கையை எடுக்க, மாமா இரண்டாவது பிரதியை நீட்டினார். அப்புறம் மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் சரி சரி என்று தலையாட்டினேன். நாங்கள் ஸ்கூட்டரைத் திருப்பும்போது அவர் விரலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறந்தநாளில் கேக் வெட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

மாமா ஆளுக்கொரு பிரதியாக ஒன்பதையும் ஆபீசில் கொடுத்தார். சர்வே நம்பர் ஒன்று தப்பு, ஊர்த் தலைவர் முத்திரை இல்லை என்று இழுத்ததில் சோளம் அறுத்தே முடிந்துவிட்டது. பன்றிகள் தங்கள் பங்கைத் தின்றுவிட்டு வேறு ஊருக்குப் போயின. துப்பாக்கிக்கு மறுபடி எண்ணெய் போட்டார் மாமா.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கு நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி, ரயில்வே குவார்ட்டர்ஸ், தெலுங்கு பேசும் தமிழ்ப் பொண்ணு என்று விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அந்தக் காகிதம் வேண்டும், ராத்தூக்கம் இல்லை என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாமாவைக் கூட்டிவந்தேன். பன்றிதான் சுடவில்லையே, கொடுத்துவிட்டால் போகிறது என்று அவர் மூன்று பிரதிகளையும் ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, டீ சொல்ல உள்ளே போனார்.

அந்த அம்மாள் மூன்றையும் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“நாலு தடவை வெச்சேனே பிட்டா.”

நாலாவது ஆபீசில் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமா அதைத் திருப்பி வாங்க ஒரு மனு எழுதுவார், நான்கு பிரதி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டர் கனைக்கும். பின் சீட்டில் நான்.

“அதைக் கிழிச்சுப் போட்டாச்சு பெரியம்மா” என்றேன்.

அவர் முகத்திலிருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. மூன்று காகிதங்களையும் முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றாயிரு என்று என் தலையில் கை வைத்தார். டீயைக் குடிக்காமலே, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அந்த நாலாவது காகிதத்தால் யாரும் எதையும் பிடுங்கியிருக்க முடியாது, இன்று எனக்கு அது தெரியும். அவருக்கு அது தெரிய வழியில்லை. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் மாமா எத்தனை ஞாயிறு ஆனாலும் அலைந்து அதைத் திருப்பி வாங்கியிருப்பார். அவருடைய அந்தக் கழுத்தறுப்புப் பிடிவாதம் ஒருவருக்குப் பயன்பட இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதை நான்தான் கெடுத்தேன்.

அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சீவி முடித்த தலையைக் கலைத்துவிட்டாரே என்று முணுமுணுத்துக்கொண்டே, மறுபடியும் வகிடு எடுத்தேன்.