பொட்டு வைக்க முடியாத பாட்டில்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து வந்தேன். செடியின் குருத்தைக் கடுகளவு வெட்டி, சர்க்கரையும் இளநீரும் கலந்த சத்துக் கரைசலில் போட்டு, பாட்டிலுக்குள்ளேயே புதுச் செடி வளர்ப்பதுதான் எங்கள் வேலை. பாட்டிலில் ஊறுகாய் போடலாம், செடி போடுவார்களா என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே பாதி நம்பிக்கைதான். வளர்ந்ததைவிடப் பூஞ்சை பிடித்துக் கொட்டியதுதான் அதிகம்.

ஒருநாள் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், யாரோ சொல்லி எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு ஆர்க்கிட் தொட்டி. நடமாட முடியாமல் கட்டிலோடு இருந்த அவர் மனைவிக்கு, தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஜன்னலில் தொங்கிய அந்தச் செடிதான் அந்த அம்மாவுக்குப் பேச்சுத் துணையாம். தண்டெல்லாம் அழுகி, ஓரத்தில் ஒரு முளை மட்டும் பச்சையாக இருந்தது.

முளையை வெட்டினால்தான் ஏதாவது செய்யலாம். வெட்டியபின் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது, பாட்டிலில் பிழைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்றேன். தொட்டியோடு திரும்பிப் போய்விட்டார். மறுநாள் மறுபடி வந்தார்.

"வீட்ல கேட்டுட்டேம்மா. வெட்டச் சொல்லிட்டா."

நான் கத்தியைத் தீயில் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துணுக்குகளைச் சில பாட்டில்களில் போட்டுப் பஞ்சால் அடைத்தோம். ஒன்றில் மட்டும் கரைசலை உறையவிடாமல் தண்ணீராகவே வைத்து, மூழ்கிய துணுக்குக்குக் காற்றுக் கிடைக்கக் குலுக்கும் மெஷினில் ஏற்றினோம். எல்லாவற்றிலும் லேசாகப் பச்சை தட்ட ஆரம்பித்த நேரம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் கூடத்தில் நாங்கள் அதை விட்டதே இல்லை. மைக்ராஸ்கோப்புக்குச் சாமந்தி மாலை, தராசுக்குச் சந்தனம். பாட்டில்களையும் வரிசையாக வைத்து, பஞ்சடைப்பின் மேல் சந்தனம் குங்குமம் வைத்தோம். கடைக்காரர் பொரியும் பழமும் அனுப்பியிருந்தார். கிருமிக்குப் பயந்து மூச்சைக்கூட அடக்கி வேலை செய்கிற எங்களில் ஒருவருக்கும், ஈரச் சந்தனம் பஞ்சுக்குள் இறங்குமென்று தோன்றவே இல்லை.

லீவு முடிந்து வந்தால் அலமாரி பூராவும் வெள்ளைப் பூஞ்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் கிடக்கிற அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? தப்பியது குலுக்கும் மெஷினில் இருந்த பாட்டில் மட்டும்தான். நிறுத்தினால் துணுக்கு செத்துவிடுமென்று அந்த மெஷினுக்கு மட்டும் பூஜையன்று ஓய்வு கொடுக்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்த பாட்டிலுக்கு யாராலும் பொட்டு வைக்க முடியவில்லை.

அந்தத் துணுக்கு பச்சை உருண்டையானது. அதை வெட்டினோம், ஒவ்வொரு துண்டும் உருண்டையானது. மறுபடி வெட்டினோம். அடுத்த வருஷம் அலமாரித் தட்டெல்லாம், நகத்தளவு இலையும் நூல் மாதிரி வேருமாகக் குட்டிச் செடிகள். படித்தது இதைத்தான், எதிர்பார்த்ததும் இதைத்தான். ஆனாலும் காலையில் விளக்கைப் போட்டதும் எனக்குப் புல்லரித்தது.

கடை ஆட்கள் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். தட்டு தட்டாகப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"எம்மா, இதுல என் செடி எது?"

"எல்லாமே உங்க செடிதாம்மா. வேற செடி இங்க இல்ல."

 அவர் ஒரு பாட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அப்ப அது சாகவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ செடிகளை அப்படி வளர்த்துவிட்டேன், வகுப்பெடுத்து விளக்கியும் இருக்கிறேன். ஆனால் அன்று நான் சட்டென்று சொன்ன அந்த "இல்லை" எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சொன்ன எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.