எங்கள் பை திரையில் தெரிந்தபோது

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லோரி ஓட்டுகிறேன். மனைவி கொழுந்து வெட்டுகிறாள். கடல் தாண்டிக் கூச்சிங்கில் நர்ஸாக இருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். எங்களுக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

டிக்கெட் விவரத்தை அவள் போனில் வாசித்தபோது, பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்று வந்தது.

"நம்ம பையப் பாக்கறதுக்கு நாமளே காசு கட்டணுமா?" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். "எல்லாரும் கட்டறதுதாம்மா. அதுலதான் மெஷின், ஆளுங்க எல்லாம். இல்லாட்டி லைன் நகராதுலா."

விமான நிலையத்தில் அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கம்பமும் பட்டையுமாக மடக்கி மடக்கி விட்டிருந்தார்கள். விடுமுறை நாளில் எங்கள் மலையின் தானா ராத்தா ஊரில் கார்கள் நிற்பதுபோல் நிற்கப்போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் கூட்டம் சேரச்சேர அடுத்தடுத்த மெஷின்களைத் திறந்தார்கள். வரிசை நடந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னால் கோட்டு போட்ட ஒருவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைகளைத் தூக்கி நின்றார். அவருக்குப் பின்னால் நாங்களும் அப்படியே நின்றோம்.

எங்கள் பையை மட்டும் மெஷின் ஓரமாகத் தள்ளியது. பின்னால் இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை; மற்றவர்களின் தட்டுகள் பக்கத்தில் போய்க்கொண்டேயிருந்தன.

ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி, எங்கள் மகள் வயதுதான் இருக்கும், திரையைத் திருப்பிக் காட்டினார். மகளுக்குக் கொண்டுபோன இட்லித் தட்டுகள் நீலமாக, குழி குழியாகத் தெரிந்தன. தேயிலைத்தூள் பொட்டலங்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"தே, புவான். எங்க தோட்டத்துத் தேயிலைத்தூள்" என்று மனைவி மலாயிலேயே சொன்னாள்.

அவர் பொட்டலத்தை ஒரு துணித் துண்டால் துடைத்து, அந்தத் துணியை வேறொரு கருவியில் வைத்துப் பார்த்தார். "சரி, போகலாம்."

மனைவி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் புன்னகையோடு திரையை அப்படியே விட்டார்.

"பொட்டலம் கட்டினது கட்டினபடியே இருக்குங்க. உள்ள எல்லாம் தெரியுது" என்றாள் என்னிடம். பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒருத்தரு பையும் விடாம பாக்குறாங்க. இதுல எத்தனை பேரு பிள்ளைங்களப் பாக்கப் போறாங்களோ."

விமானம் எழும்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அவள் சன்னலில் நெற்றியை ஒட்டிவைத்து, கீழே சிறுத்துக்கொண்டே போன, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.