ரெஜினாவின் மெஷினைத் திறந்து வையுங்கள்

பங்காருபேட்டை ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது ரெஜினாவின் தம்பி எட்வின் ஃபோன் செய்தான். "அக்கா போயிட்டாங்கக்கா, காலைல எழுந்திருக்கவேயில்ல" என்றான். அவளுக்காக நான் பிடித்து வைத்த இடத்தில் என் பை இருந்தது. லீவு போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறி இறங்கியவள் அவள். "கேஸ் ட்ரபுளு, சோடா குடிச்சா போயிடும்" என்று என் வாயை அடைத்தவள். எனக்கு அழுகை வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போடின்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" என்று பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அவளைத் திட்டினேன். இன்னும் அந்தக் கோபம் அடங்கவில்லை. இப்போது அதில் சங்கத்தாராகிய உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

நம் தங்க வயல் சங்கத்து மலருக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை போடும்மா" என்றார். ரெஜினாவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன். உங்களைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது.

பெங்களூரில் எலக்ட்ரானிக் தராசு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவு, அவள் பழுதான போர்டுகளைச் சரி பார்க்கும் மேஜை. ஊரில் அவள் மைசூர் மைன்ஸ் பகுதி, நான் கோரமண்டல் பகுதி. காலையில் போகும்போதும் இரவு திரும்பும்போதும் பக்கத்துப் பக்கத்து சீட். அவள் ஒரு கம்ப்யூட்டரைத் தானே செய்திருந்தாள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பொறுக்கிய பழைய சிப்புகள், தன் கையால் இழுத்த ஒயர்கள், எட்வின் அடித்துக் கொடுத்த மரப்பெட்டி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் எப்படி வேலை செய்தனவோ அப்படி அது வேலை செய்யும்.

ஆனால் அதன் கீபோர்டு ஒரு கொடுமை. யாரோ தூக்கிப் போட்ட மெஷினிலிருந்து பிடுங்கிய பொத்தான்களை, ஒயர் இழுக்க எது சுலபமோ அந்த வரிசையில் பதித்திருந்தாள். எந்த எழுத்து எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை என்னை உட்கார வைத்தபோது 'எஸ்' எங்கே என்று தேடியே வெறுத்துப்போய் எழுந்துவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அடுத்த நாள் வண்டியில் சொன்னாள்: "நான் மட்டும் ஓட்டுற மெஷினு மெஷினா? அது பூட்டு. எவ வந்தாலும் ஒக்காந்த ஒடனே தட்டணும்." கடையில் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டையும் மவுஸையும் அதில் மாட்டுவது என்று அன்று ஆரம்பித்தாள். அவள் அதற்குச் செலவழித்த உழைப்பு, மெஷினைக் கட்டுவதற்குச் செலவழித்ததைவிட அதிகம். இதைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள்.

பழைய பொத்தானை அழுத்தினால் நேரே சிப்புக்குச் சேதி போய்விடுமாம். இன்றைய கீபோர்டு அப்படி இல்லை. "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா" என்று கம்ப்யூட்டர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் பதில் சொல்லும். "புது மருமக மாதிரி. கேட்டாத்தான் வாயத் தொறப்பா" என்பாள் ரெஜினா. அவளுடைய கிழட்டுச் சிப்புக்கு அத்தனை வேகமாகக் கேட்கத் தெரியாது. அதனால் நடுவில் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று செய்தாள். அதிலிருக்கும் சின்னச் சிப்பு ஓயாமல் கேட்கும், கிடைத்த பதிலைக் கிழட்டுச் சிப்புக்குப் புரிகிற மாதிரி சொல்லும். கேட்பதற்குச் சுலபம். அந்தப் போர்டு எத்தனை தடவை எரிந்தது, எத்தனை தடவை அழுதுகொண்டே புதிதாகச் செய்தாள் என்பதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

மவுஸ் இன்னும் பெரிய கூத்து. முதலில் வீட்டில் கிடந்த, வட்டப் பிளக் வைத்த பழைய மவுஸைத்தான் மாட்டிப் பார்த்தாள். தன் பக்கம் இழுத்தால் திரையில் அம்புக்குறி மேலே ஓடியது. ஒயரைச் சந்தேகப்பட்டாள், சிப்பைச் சந்தேகப்பட்டாள், சிப்பு விற்ற கடைக்காரனின் வம்சத்தையே இழுத்தாள். தன் கணக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒருநாள் வண்டியில் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா முட்டாளு பாரு நானு! நம்மூர்ல பூஜ்யம்னா தரை. சுரங்கத்துல கீழ எறங்க எறங்கத்தான் லெவல் நம்பர் ஏறும். எங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அப்டித்தான் பேசுவாரு, நானும் அப்டியே எழுதி வச்சிகீறேன். இந்த மவுஸு மேல போனாத்தான் கூட்டுது. மலைக்காரன் மவுஸுடி இது." உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் இந்தத் தப்பை இவ்வளவு நம்பிக்கையோடு செய்திருக்க மாட்டாள். கணக்கைத் திருத்தினாள். பிறகு இன்றைய யு.எஸ்.பி. மவுஸை மாட்டினால் மறுபடியும் தலைகீழ். அது கீழே போகப் போகத்தான் கூட்டுமாம். திருத்தியதை அழித்துவிட்டு முதலில் எழுதியதையே திரும்ப வைத்தாள். "பாத்தியா, புது மவுஸு நம்மூர்க்காரன்!" என்று சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

எல்லாம் ஓட ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேரே என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அந்தப் போர்டைப் பெட்டிக்குள் மாட்டக்கூட அவள் கை வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, நாலு ஸ்க்ரூவையும் என்னையே முடுக்க வைத்தாள். ஆபீஸில் தட்டுகிற அதே மாதிரிக் கீபோர்டு. உட்கார்ந்தேன், 'ரெஜினா' என்று தட்டினேன், பச்சை எழுத்தில் வந்தது. அவளுக்குச் சுள்ளென்று கோபம். "என் பேர ஏன் அடிக்கிற? இத்தச் செஞ்சதே நீங்கல்லாம் ஒக்கார்றதுக்கு. உன் பேர அடி, சுகந்தி." அடித்தேன். அதற்கப்புறம் அவளுடைய லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் ஞாயிறு தவறாமல் வந்து அந்த மவுஸால் படம் வரைந்தார்கள். ஒருத்தியும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. அதுதான் அவளுக்குப் பெருமை.

பழசைப் பார்த்து உருகுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "மூடிப்போன சுரங்க ஷாஃப்ட்ட ஃபோட்டோ எடுக்க கார் போட்டுக்கினு வர்றான். அதுக்குப் பக்கத்துல குடியிருக்கிறவன ஒரு வார்த்த கேக்க மாட்டேன்றான்" என்பாள். வெளியூர்க்காரர்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நினைவுக் கூட்டத்துக்குச் சங்கத்து ஹாலுக்குள் நுழைந்ததும் பார்த்தேன். மெஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவளே கழற்றிப் பரண்மேல் போட்டிருந்த பழைய கீபோர்டைத் தேடி எடுத்து மறுபடியும் ஒட்டவைத்திருந்தீர்கள். கரண்ட் இல்லை. 'தொடாதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் அட்டை. செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அந்தப் போர்டு.

"பெங்களூர்லேந்து தெரிஞ்சவர ஒருத்தரக் கூட்டிக்கினு வந்து ஒரிஜினலா மாத்திட்டோம்மா. இது பின்னால சேர்த்தது, ஒட்டல. நீங்க ஃப்ரெண்டு, ஞாபகமா வச்சுக்குங்க."

"இத்த யாரு பின்னால சேர்த்தது?" என்று கேட்டேன்.

"அவங்கதான்..."

"அப்போ ஒரிஜினல்னா யாரு, நீங்களா?"

எட்வின் ஓடி வந்தான். "பெரியவங்க சொன்னாங்க அக்கா, கெட்டுப்போகாம இருக்கும்னாங்க" என்றான். அவனிடம் கத்த மனம் வரவில்லை, அக்காவைப் பறிகொடுத்த பையன். மீதியை உங்களிடம் கத்துகிறேன். அவள் திறந்து வைத்த கதவை நீங்கள் சாத்தினீர்கள், அதற்கு அவள் பெயரையே பலகையாக மாட்டினீர்கள். ஒருத்தரும் உட்கார முடியாத மெஷினைக் காட்டி 'தங்க வயல் பெண்ணின் சாதனை' என்று மைக்கில் பேசினீர்கள். அந்தப் பெண் அதைச் சாதனை என்று சொன்னதேயில்லை. பூட்டு என்று சொன்னாள்.

இந்தக் கட்டுரையைச் செயலாளர் வெட்டாமல் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலுக்கு வருகிறேன். அவளுடைய லைன் பெண்களும் வருகிறார்கள். ஸ்க்ரூ டிரைவர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் நாங்களே கொண்டு வருகிறோம். கண்ணாடிப் பெட்டிச் சாவியைச் செயலாளர் தயாராக வைத்திருக்கட்டும். அந்தப் போர்டை ஞாபகமாக வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது, அது மெஷினுக்குள் போக வேண்டிய சாமான். ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவளுடைய கோபம். அதை மட்டும் யாருக்கும் திருப்பித் தர மாட்டேன்.