இடாப்புக்குப் பிறகு கடல்

இன்று பஸ்ஸில் நரைத்த தலையோடு ஒரு பெண் எழுந்து இடம் தந்தாள்.

"டீச்சர், என்னைத் தெரியேல்லையோ? சல்லி மலர்."

தெரியாமல் இருக்குமா? எழுபதுகளில் சல்லிக் கடற்கரைப் பள்ளியில் நான் படிப்பித்த முதல் வகுப்பு அவளுடையது.

தை மாதம், பள்ளி தொடங்கிய வாரம். மணி அடித்தால்தான் எழும்ப வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். மலர் மட்டும் இடாப்பில் பெயர் கூப்பிட்டதும் வெளியே ஓடிவிடுவாள்.

ஒருநாள் கையைப் பிடித்து, "ஏன் பிள்ளை ஓடுறாய்?" என்றேன்.

"அப்பாட தோணி வந்திட்டுதோ எண்டு பாக்கோணும், டீச்சர்."

வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதல், இடாப்பு முடிந்ததும் முழு வகுப்பும் வரிசையாக வாசலுக்குப் போய்த் தோணிகளைப் பார்த்துவிட்டு வந்து உட்காரும். அதன்பின் மலர் மணி அடிக்கும்வரை அசையவில்லை.

பள்ளி அதிபர் ஒருநாள் கண்டுவிட்டார். "இது என்ன பாடம், டீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் மலர் முந்திக்கொண்டாள். "அப்பாமாரைப் பாக்கிற பாடம், சேர்."

அதிபர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

இன்று பஸ்ஸில் இதையெல்லாம் சொன்னேன். மலருக்கு எதுவுமே நினைவில்லை! நான் ஒருநாள் சோடி மாறிய செருப்போடு வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.

உங்கள் டீச்சர்மாரைப் பற்றி நீங்கள் எதை நினைவில் வைத்திருக்கிறீர்கள்? பயந்துகொண்டுதான் கேட்கிறேன்.